ஞாயிற்றுக்கிழமை நீ கணினி பொருத்துவதற்கு முன்

மகள்,

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பொலித்தீன் பை வரும். வாயை முறுக்கிக் கட்டி, மேலே கறுப்பு ரேப் சுற்றியிருக்கிறேன். அதை இப்போது பிரிக்காதே. கடைசி வரை வாசித்துவிட்டுப் பிரி. நீ எதையும் தலைகீழாகத் தொடங்குகிற ஆள் என்று எனக்குத் தெரியும். ஒரு சாமான் வாங்கினால் விளக்கப் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் பெட்டியைக் கிழிப்பவள் நீ. இந்த ஒரு தரம் மட்டும் அப்பா சொல்வதைக் கேள்.

போனில் சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமையில் இருந்து மூன்று தரம் எடுத்தேன். மூன்று தரமும் சாப்பிட்டாயா என்று கேட்டேன், கொழும்பில் மழையா என்று கேட்டேன், வைத்துவிட்டேன். மூன்றாம் தரம் நீயே கேட்டாய்: "என்னப்பா, ஏதும் சுகமில்லையே? ஒருநாளும் இல்லாம நாள் தவறாம எடுக்கிறியள்." ஒன்றுமில்லை என்றேன். வாயால் வராததைப் பேனாவால் எழுதலாம் என்று இப்போது குசினி மேசையில் இருக்கிறேன். இன்று வியாழக்கிழமை. சித்தப்பா நாளைக்குக் காலை பஸ்ஸில் கொழும்புக்கு வருகிறார். ஞாயிறு பின்னேரம் நீ நேரலையைத் தொடங்குவதற்கு முன் இது உன் கையில் இருந்தாக வேண்டும். அதனால்தான் தபாலை நம்பவில்லை.

போன ஞாயிறு நீ எடுத்தபோது நல்ல சந்தோசத்தில் இருந்தாய். புதுக் கணினி ஒன்று கட்டப் போகிறாய், எல்லாச் சாமானும் தெரிந்தெடுத்தாயிற்று, சனிக்கிழமை வாங்கப் போகிறாய், பவர் சப்ளையை மட்டும் எந்த அளவில் வாங்குவது என்று என்னைக் கேட்டாய். நீ கணினி விசயத்தில் என்னிடம் ஒன்று கேட்டது உன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கண்ணாடியைத் தேடினேன், பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் நீ சொன்ன சாமான்களை ஒவ்வொன்றாக எழுதினேன். எழுதி முடிக்கும் நேரம்தான் நீ மற்றக் கதையைச் சொன்னாய். நேரலையில் பார்க்கிற எல்லோருக்கும் முன்னால் ஒவ்வொரு பாகமாகப் பொருத்திக் காட்டப் போகிறாய், அப்போது இரண்டு வருடத்துக்கு முந்திக் கணினிக் கடையில் நடந்ததையும் சொல்லப் போகிறாய். "எப்படி ஏமாந்தனான் எண்டு சொல்லத்தானே வேணும் அப்பா. கடைப் பேரோடதான் சொல்லுவன். இன்னொரு பிள்ளை ஏமாறக்கூடாது." பிறகு கொஞ்சம் குரலைத் தணித்து இன்னொன்றும் சொன்னாய். "அவங்கட ஆக்களை நம்பினது எங்கட பிழை."

நான் "ஓம் பிள்ளை" என்றேன். அந்த "ஓம்"தான் என்னை நாலு நாளாகச் சாப்பிட விடவில்லை.

முதலில் ஒரு பழைய கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள். உனக்குப் பதினாறு வயது. பாடப் புத்தகம் ஒரு பக்கம் கிடக்க, நீ அந்தப் பழைய கணினியில் துப்பாக்கி விளையாட்டில் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தாய். எனக்குக் கோபம் வந்தது. வெட்டுக்குறட்டால் பிளக்கை வயரோடு வெட்டி, காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். பின்னேரம் வந்து பார்த்தால் நீ திரும்பவும் சுட்டுக்கொண்டிருக்கிறாய். என் பெட்டியில் இருந்து புதுப் பிளக் எடுத்து நீயே பூட்டியிருந்தாய். கழற்றிப் பார்த்தேன். மூன்று வயரும் அதது இருக்க வேண்டிய இடத்தில், திருகாணி இறுக்கமாக, செம்பு ஒரு நூல்கூட வெளியே தெரியாமல் இருந்தது. துறைமுகத்தில் என்னிடம் வயர் வேலை பழகியவர்கள்கூட அப்படிப் பூட்டமாட்டார்கள். அதைச் சொல்லி உன்னைத் தூக்கிக் கொண்டாடியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "என்ர பெட்டியில ஆரைக் கேட்டுக் கை வைச்சனீ?" என்று கத்தினேன். அன்றிலிருந்து நீ கணினிக் கதை எதையும் என்னிடம் கொண்டு வரவில்லை. அதைக் கணினிக் கடை வைத்திருக்கிற றிஸ்வான் நானாவிடம் கொண்டு போனாய்.

எனக்கு உன் வேலை விளங்கவில்லை என்பதும் உண்மைதான். நீ விளையாடிக்கொண்டே கதைப்பதை ஊர் உலகம் குந்தியிருந்து பார்க்கிறது என்று அம்மா சொன்னபோது, ஒருத்தி விளையாடுவதை மற்றவன் ஏன் பார்க்கிறான் என்று கேட்டேன். "நீங்கள் கிரிக்கெட் பார்க்கேக்க மட்டை பிடிச்சுக்கொண்டோ இருக்கிறியள்?" என்றாள். அன்றிலிருந்து ஒளித்து ஒளித்துப் பார்க்கத் தொடங்கினேன். நீ எங்கள் ஊர்ப் பேச்சிலேயே கதைக்கிறாய், சிரிக்க வைக்கிறாய். வள்ளத்து எஞ்சின் அறைக்குள் படுத்துக்கொண்டு போனில் உன்னைக் கேட்டிருக்கிறேன். இதை நான் உனக்குச் சொன்னதில்லை.

இரண்டு வருடத்துக்கு முந்தி வாங்கிய அந்தப் பெரிய கணினிக்கு நீயும் றிஸ்வானும் பாகம் தெரிந்தெடுத்த இரண்டு மாதமும் எனக்கு நினைவிருக்கிறது. அவர் கிண்ணியாவில் இருந்து பாலம் கடந்து வந்து, கடை திறக்க முதல் நம் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "தங்கச்சி, அந்தக் கார்ட் கொழும்புக்கு வந்திருக்காம்" என்று சொல்லிவிட்டுப் போவார். நீங்கள் இருவரும் கதைப்பதை நான் உள்ளே இருந்து கேட்பேன். விளையாடுவதற்கும் அதே நேரம் படத்தை வெளியே அனுப்புவதற்கும் ஒரே மெசின் போதுமா, அனுப்புகிற வேலையைப் பிராசசர் செய்யட்டுமா கிராபிக்ஸ் கார்ட் செய்யட்டுமா, எந்தப் பெட்டிக்குள் காற்று நன்றாகப் போகும் என்று ஒரே வாக்குவாதம். அந்த மனுசன் ஒருநாளும் தனக்கு இலாபமான சாமானை உன் தலையில் கட்டவில்லை. "இது உங்களுக்குத் தேவல்ல தங்கச்சி" என்று நீ கேட்ட விலை கூடிய பிராசசரைத் தட்டிக் கழித்ததையும் என் காதால் கேட்டேன். கடல் காற்றுக்குத் தூசி வடிகட்டி உள்ள பெட்டியாகத் தேடிக் கொண்டுவந்தார். ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பைகளை உள்ளே வைத்து, மாதத்துக்கு ஒரு தரம் மாற்றச் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் துறைமுகத்து உப்போடு முப்பது வருடமாக மல்லுக்கட்டுகிறவன் நான். வள்ளத்து விளக்கு, றேடியோ, மீன் கூட்டம் காட்டுகிற கருவி என்று என் கை படாத வயர் இங்கே குறைவு. என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்துறைமுகக் காற்று நேரே ஏறி வருகிற ஓர்ஸ் ஹில் வீட்டில், இவ்வளவு பெறுமதியான சாமானுக்கு இந்தச் சின்னப் பைதான் காவலா என்று நினைத்தேன். அப்படித்தான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது மட்டுமில்லை. பொறாமை, மகள். என் பிள்ளையின் முதல் பெரிய சாமானில் என் கை படவில்லையே என்ற பொறாமை. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

கணினி வந்து இரண்டாவது ஞாயிறு நீயும் அம்மாவும் பூசைக்குப் போனீர்கள். நான் உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி வீட்டில் நின்றேன். நீங்கள் தெரு முடக்குத் திரும்பியதும் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் அறைக்குப் போனேன். பக்கத்துக் கண்ணாடியைக் கழற்றினேன். கிராபிக்ஸ் கார்டை எடுத்தேன், மெமரித் துண்டு இரண்டையும் எடுத்தேன். வள்ளத்தில் புதிதாக எதைப் பூட்டினாலும் நாங்கள் முதலில் செய்வது முனைக்குக் கறுப்புக் கிறீஸ் பூசுவதுதான். உப்பு உள்ளே போகாது, கரண்டும் நிற்காது. அதையே இங்கேயும் செய்தேன். கார்டின் முனையிலும் மெமரியின் அந்தப் பொன்னிறப் பற்களிலும் விரலால் தடவி, மிச்சத்தைத் துணியால் துடைத்து, இருந்தபடியே பொருத்தினேன். போட்டுப் பார்த்தேன், வேலை செய்தது. நீங்கள் பூசையால் வரும்போது நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தேன். எங்கேயோ கிறீஸ் மணக்கிறது என்று அம்மா சொன்னாள். என் வேலைச் சேட்டு மணமாக்கும் என்றேன்.

வள்ளத்துப் பற்றறியில் ஒரு முனைக்கும் மற்ற முனைக்கும் இடையே ஒரு சாண் இருக்கும். மெமரியில் இருப்பது மயிர் இடைவெளி. கறுப்புக் கிறீஸ் கரண்டைக் கடத்தும் என்பது எனக்குத் தெரியாதது இல்லை, அதற்காகத்தானே அதைப் பூசுகிறோம். ஆனால் நீ மணிக்கணக்காக விளையாடும்போது உள்ளே ஏறுகிற சூட்டில் அது இளகி, ஒரு பல்லில் இருந்து அடுத்த பல்லுக்கு ஊரும் என்று நான் யோசிக்கவில்லை. ஒன்றரை மாதம் தாங்கியது. பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அந்தப் பெரிய கணினி விளையாட்டுப் போட்டியைத் தமிழில் வர்ணிக்க உன்னைத் தெரிந்தெடுத்திருந்தார்கள். தொடங்கி அரை மணித்தியாலத்தில் திரை கறுத்தது. திரும்பப் போட்டாய், திரும்பவும் கறுத்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுதியதை எல்லாம் நீ போனில் வாசித்தாய். உன் இடத்தில் வேறொருவரைப் போட்டார்கள். நீ கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாய், நான் கதவுக்கு வெளியே நின்றேன். அப்போதே எனக்கு அந்தக் கிறீஸ் நினைவுக்கு வந்தது. ஆனாலும் வேறு ஏதாவதாக இருக்கலாம் என்று நின்றுகொண்டேன்.

அடுத்த நாள் கணினியைத் தூக்கிக்கொண்டு நானும்தான் உன்னோடு கடைக்கு வந்தேன். நீ மேசைக்கு இந்தப் பக்கம், றிஸ்வான் அந்தப் பக்கம், நான் உன் பக்கத்தில். அவர் மெமரித் துண்டை வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனார். "தங்கச்சி, இத வீட்டில யாரும் திறந்தாங்களா?" என்று கேட்டார். நீ வெடித்தாய். "எங்கட வீட்டில ஆருக்கு இதைத் திறக்கத் தெரியும்? பழைய சாமானைத் துடைச்சு வித்துப்போட்டு எங்களைக் கேக்கிறியளா?" அவர் என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, மேசையில் ஊன்றியிருந்த என் கையைப் பார்த்தார். என் நகக்கண்ணில் கறுப்பு என்றைக்கும் இருக்கும், உனக்குத் தெரியுமே. நான் கையை எடுத்துப் பைக்குள் விட்டேன்.

அந்த நேரம் ஒரு வசனம் போதும். "பிள்ளை, அது நான்." அவ்வளவுதான். என் வாய் திறக்கவில்லை. எங்கட வீட்டில் யாருக்குத் தெரியும் என்று நீ கேட்டது குத்தியது. அதற்கும் மேலாக, நீ அழுத அழுகைக்குக் காரணம் நான்தான் என்று உனக்குத் தெரிந்தால் நீ என் முகத்தில் முழிக்கமாட்டாய் என்று பயந்தேன். றிஸ்வான் கொஞ்சம் பொறுத்தார். பிறகு, "சரி தங்கச்சி, நான் மாத்தித் தாறன்" என்றார். கார்டையும் உள்ளே இருக்கிற பலகையையும் ஸ்பிரிற் போட்டுத் துடைத்து, தன் கடையில் இருந்து புது மெமரி போட்டுத் தந்தார். வழியில் நீ என்னிடம் சொன்னாய், "பிழை இல்லாதவர் ஏன் அப்பா சும்மா மாத்தித் தாறார்?" அவருடைய நல்ல மனதையே அவருக்கு எதிரான சாட்சி ஆக்கினாய். நான் உன் பக்கத்தில் நடந்து வந்தேன். மகள், அன்று அந்தக் கடையில் பொய் சொல்லாத ஒரே மனுசன் அவர்தான்.

அந்த வருடம் நோன்பு காலத்தில் கிண்ணியாவில் றிஸ்வான் வீட்டில் இருந்து வழமையாக வருகிற நோன்புக் கஞ்சி வரவில்லை. அம்மா அதைக் கவனித்துக் கேட்டாள். நீ கொழும்புக்குப் போய்விட்டாய். நான் அந்தக் கடை இருக்கும் பக்கத்தை விட்டு மற்றப் பக்கத்தால் நடக்கப் பழகினேன். இப்படியே போய்விடும் என்றுதான் நினைத்தேன். நீ ஒரு மனுசனில் கோபமாக இருக்கிறாய், நாள் போனால் ஆறிவிடும் என்று. ஆனால் போன ஞாயிறு நீ ஒரு மனுசனைச் சொல்லவில்லை, ஒரு சமூகத்தையே சேர்த்து "அவங்கட ஆக்கள்" என்றாய். இந்த ஊரில் அப்படியான ஒரு வசனம் எங்கே தொடங்கி எங்கே போய் நிற்கும் என்று உனக்குத் தெரியாது, நீ சின்னப் பிள்ளை. எனக்குத் தெரியும். நான் பார்த்து வளர்ந்தவன். அப்படி ஒரு வசனம் என் வீட்டில் முளைத்ததற்கு விதை போட்டது நான்.

செவ்வாய்க்கிழமை கடைக்குப் போனேன். வாசலில் என்னைக் கண்டதும் றிஸ்வான் எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டார். "வாங்க ஐயா, இருங்க. தங்கச்சி சுகமா?" முதல் கேள்வியே உன்னைப் பற்றித்தான். நான் இருக்கவில்லை. நின்றபடியே, "தம்பி, அந்தக் கிறீஸ் நான் பூசினது" என்றேன்.

"தெரியும் ஐயா."

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே தெரியும். எங்கட வாப்பா தோணிக்காரர். இந்த மணத்திலதான் வளர்ந்த நாங்க."

"பிறகேன் சொல்லேல்ல?"

அவர் சிரிக்கவில்லை. "நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டு நிண்ட நான். நீங்க சொல்லல்ல. அதுக்குப் பிறகு நான் சொன்னா, மகளுக்கு முன்னால உங்கட முகம் என்னாகும்? ஆனா கோவம் இருந்த ஐயா. பொய் சொல்லப்படாது. ரெண்டு வருஷமா நீங்க ரோட்டுக்கு அந்தப் பக்கத்தால போறதப் பாத்துக்கிட்டுத்தான் இருந்த."

ஞாயிற்றுக்கிழமை நீ செய்யப் போவதைச் சொன்னேன். அந்த மனுசனின் முகம் விழுந்துவிட்டது. உன் நேரலையைப் பார்க்கிற பிள்ளைகளில் எத்தனையோ பேர் அவருடைய கடை வாசலில் நிற்கிற பிள்ளைகள். அவர் வியாபாரத்தைப் பற்றிக் கதைப்பார் என்று நினைத்தேன். ஆனால் அவர், "கடைக்கு வெச்சிருக்கிறது வாப்பாட பேர் ஐயா" என்றார். நீ கடைப் பெயரைச் சொன்னால் யாருடைய பெயரைச் சொல்வாய் என்று இப்போது உனக்கு விளங்கியிருக்கும். பிறகு மேசையின் கீழ் லாச்சியைத் திறந்து இந்தப் பையை எடுத்து என் கையில் வைத்தார். அன்றைக்குக் கழற்றிய இரண்டு மெமரியும் அப்படியே இருக்கின்றன. ஏன் எறியவில்லை என்று கேட்டேன். "ஒருநாள் நீங்க வருவீங்க எண்டு" என்றார்.

அம்மாவிடம் அன்று மத்தியானமே சொன்னேன். சோற்றைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போனாள். நேற்றுவரை என்னோடு கதைக்கவில்லை. இன்று இந்தக் கடிதத்துக்கு முன் ஒரு கோப்பைத் தேத்தண்ணியை வைத்து, "எல்லாத்தையும் எழுதுங்கோ, அரைவாசி எழுதாதேங்கோ" என்றாள். அதனால்தான் பொறாமையையும் எழுதினேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடக்கூடாது. உன் பட்டியலைப் பார்த்தேன். நிற விளக்குக்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் கையை விரித்துவிட்டு, பவர் சப்ளையில் கையைச் சுருக்கப் பார்க்கிறாய். அந்தக் கிராபிக்ஸ் கார்ட் சும்மா நிற்கும்போது பூனை மாதிரி இருக்கும், விளையாட்டு சூடு பிடித்தால் ஒரு கணத்தில் இழுக்கிற இழுவை வேறு. எண்ணூற்றைம்பது வாட்ஸ் போதும் என்று கடையில் சொல்வார்கள். நீ ஆயிரத்துக்குப் போ, பெயருள்ளதாக எடு. விளக்கு இல்லாவிட்டால் கணினி சாகாது. முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலைப் பெட்டி எடு, உன் அறையில் ஏசி இல்லை. மெமரி இரண்டையும் ஒரே பெட்டியில் வருகிற சோடியாக வாங்கு. வாடகை அறையின் பிளக் துவாரத்தில் ஏர்த் இருக்கிறதா என்று முதலில் பார், பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று விரலில் ஏறினால் ஏர்த் இல்லை என்று அர்த்தம். கரண்ட் சோதிக்கிற ரெஸ்ரர் ஒன்றைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். இவ்வளவும் நான் தனியாகச் சொன்னதில்லை. செவ்வாய்க்கிழமை உன் பட்டியலை மேசையில் விரித்து றிஸ்வானும் நானும் சேர்ந்து பார்த்தோம். பெட்டி விசயம் அவர் சொன்னது, ஏர்த் நான் சொன்னது. உனக்குத்தான் என்று தெரிந்துதான் அவர் சொன்னார்.

என்னை மன்னி என்று நான் கேட்கவில்லை. அது உன் பாடு. போட்டி போனது, பேர் போனது, இரண்டு வருடம் ஒருவரைத் தேவையில்லாமல் வெறுத்தாய், எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம். என்னோடு கொஞ்ச நாள் கதைக்காமல் இருக்க வேண்டுமென்றால் இரு. ஆனால் அந்தப் பழைய கதையைச் சொல்லாமல் விட்டுவிடாதே. விட்டால் அது என்னைக் காப்பாற்றுவதாகிவிடும், நான் போதுமான அளவு காப்பாற்றப்பட்டுவிட்டேன். சொல்லு. என் முழுப் பெயரையும் சொல்லு, துறைமுகத்தில் வயர் வேலை செய்கிற என் அப்பா என்று சொல்லு. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஞாயிறு பின்னேரம் நான் வீட்டில் இருந்து பார்க்கமாட்டேன். றிஸ்வானுடைய கடையில், அவர் போட்ட கதிரையில், அவருக்குப் பக்கத்தில் இருந்து பார்ப்பேன். செவ்வாய்க்கிழமை கேட்டேன், வரச் சொன்னார்.

இனிப் பையைப் பிரி. ரேப்பைக் கழற்றி மூக்குக்குக் கிட்டக் கொண்டு போ. அன்றைக்கு நீ மேசைக்கு இந்தப் பக்கம் நின்றபடியால் அது உனக்கு மணக்கவில்லை. சின்ன வயதில் நான் வேலையால் வந்து உன்னைத் தூக்கினால், குளிக்கப் போக விடாமல் என் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, "அப்பா மணக்குது" என்பாய். அந்த மணம்தான் இது.

உன் அப்பா